வீட்டுத் தையலும் சங்கத் துணியும்

கைத்தறி நெசவாளர் சங்கமொன்றின் சரக்கறையை ஆண்டு முடிவில் கணக்கெடுப்போர்க்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. சேலையும் வேட்டியும் துண்டும் பண்டிகைக்குப் பண்டிகை வெளியேறிவிடும். சட்டைத் துணியும் ரவிக்கைத் துணியும் வெள்ளை மல்லும் மட்டும் மடிப்புக் கலையாமல் அடுக்கிலேயே தங்கி, அடுத்த ஆண்டின் இருப்புப் பட்டியலிலும் ஏறக்குறைய அதே எண்ணோடு இடம்பெறும். குறை நெசவிலன்று. சேலையும் வேட்டியும் தறியிலிருந்து இறங்கியவுடனேயே ஆடை. உடுப்பவருக்கும் நெசவாளிக்கும் இடையே மூன்றாமவர் வேண்டியதில்லை. வெட்டித் தைக்க வேண்டிய துணியோ மூன்றாமவர் ஒருவரை எதிர்பார்த்து நிற்கிறது. அம்மூன்றாமவர் கத்தரிக்கோலும் ஊசியும் ஏந்தியவர். பருத்தி விளைவிப்போரையும் நெய்வோரையும் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் எவ்வளவோ பேசுகிறோம். தைப்போரைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. சென்ற சில மாதங்களாக நாம் இவ்விஷயத்தைச் சற்றுக் கவனித்து வந்தோம். கண்டவற்றுள் அங்கத்தினர்க்குப் பயன்படக் கூடியவற்றை இங்கே எழுதுகிறோம்.

நங்கநல்லூரில் கண்டவை

சென்னைக்குத் தெற்கே, பரங்கிமலைக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் இடையில் அமைந்தது நங்கநல்லூர். மின்ரயிலில் பழவந்தாங்கலில் இறங்கி நடந்தே செல்லலாம். 2016 முதல் மெட்ரோ ரயிலும் ஊரின் பெயரையே தாங்கிய நிலையத்தில் நிற்கிறது. ஆலந்தூர் நகராட்சியின் பகுதியாக இருந்த ஊர், 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் மிகுதியாக வாழும் இடம். கோயில்கள் பல. 32 அடி உயர ஆஞ்சநேயரைத் தரிசிக்க வருவோர் சனிக்கிழமைகளில் தெருவை அடைத்துக்கொள்வர்.

கோயிலுக்குச் செல்லும் தெருக்களை விட்டு உட்புறச் சந்துகளில் நடந்தால் வேறொன்று கண்ணிற் படும். வாயிற்கதவின் கம்பியில் கட்டிய சிறு அட்டைகள். ‘ரவிக்கை தைத்துத் தரப்படும்’, ‘சேலைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிக்கப்படும்’, ‘குஞ்சம் கட்டித் தரப்படும்’, ‘குழந்தைகளுக்குத் தையல் கற்றுத் தரப்படும்’. இவற்றுக்குக் கடை இல்லை. கூடத்தின் ஜன்னலோரத்தில் ஒரு கால்மெஷின். அதன்மேல் பழைய போர்வையால் ஓர் உறை. பக்கத்தில் துணித் துணுக்குகள் நிரம்பிய பை. மதியச் சமையலும் பாத்திரமும் முடிந்த பிறகு மாலைக் காப்பி வரையில் உள்ள இரண்டு மூன்று மணி நேரமே இத்தொழிலின் காலம்.

இவர்களுள் பலர் பிறருக்குத் தைப்பவர் அல்லர். தம் வீட்டுக்குத் தைப்பவர். பேத்திக்குப் பாவாடை சட்டை, தமக்கு ரவிக்கையும் உள்பாவாடையும், வீட்டுக்குத் தலையணை உறை, காய்கறிப் பை. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், தாம் பள்ளியில் செய்த தையல் மாதிரி ஏட்டை நமக்குக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளங்கை அளவு வெள்ளைத் துணி ஒட்டப்பட்டு, ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், காஜா, ஒட்டுப் போடுதல் என வரிசையாகச் செய்யப்பட்டிருந்தது. அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் ஒரு பாடம். கீழ்நிலை, மேல்நிலை என இருபடிகளாக நடைபெறுவது. அம்மையார் கீழ்நிலை தேறியவர். அந்த ஏடு தேர்வுக்காகச் செய்தது.

கைத்தறித் துணி வாங்குவதுண்டா என்று கேட்டோம். அவர் தந்த விடையை அப்படியே எழுதுகிறோம்: “வாங்கத்தான் ஆசை ஸார். ஆனால் ஒன்றரை மீட்டர் வெட்டித் தா என்றால் தருவதில்லை. அகலம் என்ன என்று கேட்டால் கடையில் இருப்பவருக்கே தெரியாது. தைத்துப் போட்டு ஒரு சலவை ஆனால் கை ஏறிவிடுகிறது.” மூன்று வாக்கியங்கள், மூன்றும் சரக்கறையில் தங்கும் துணிக்கு விளக்கம். இவற்றுள் முதல் இரண்டும் சங்கங்கள் தீர்க்க வேண்டியவை. மூன்றாவதைத் தைப்பவரே தீர்த்துக்கொள்ளலாம். அதற்குக் காரணம் தெரிந்தால் போதும்.

துணி ஏன் சுருங்குகிறது

பாவு தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்ட நிலையிலேயே நெய்யப்படுகிறது என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சி அந்த விறைப்பை அப்படியே பிடித்துவைக்கிறது. முதல் முறை தண்ணீரில் நனையும்போது கஞ்சி கரைகிறது. இழை தளர்ந்து தன் இயல்பான வளைவுக்குத் திரும்புகிறது. துணி நீளத்தில் குறைகிறது. அகலத்திலும் குறையும், ஆயின் நீளத்தில்தான் மிகுதி. இதனைக் குற்றமாகக் கொள்ளலாகாது. பருத்தியின் குணம் அது. ஆலைத் துணி சுருங்காமல் வருவது, ஆலையிலேயே அதனைச் சுருக்கி அனுப்புவதால்தான்.

ஆகவே கைத்தறித் துணியை வாங்கிய அன்றே வெட்டுதல் கூடாது. ஓர் இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நீரை வடியவிட்டு, நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே நெடுக்கு வாட்டில் இஸ்திரி போட வேண்டும். கெட்டி நெசவாயின் இரண்டு முறை நனைப்பது உத்தமம். அதன் பிறகு அளந்தால் வருவதுதான் உண்மையான அளவு. ரவிக்கைக்கு உள்துணி வைத்துத் தைப்பவர் உள்துணியையும் தனியே நனைக்க வேண்டும். மேல்துணி ஒரு அளவும் உள்துணி வேறொரு அளவும் சுருங்கினால் எவ்வளவு திறமையான தையலும் சுருக்கம் விழுந்து நிற்கும்.

சாயம் குறித்து ஒரு வார்த்தை. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது வீடுகளில் நிலவும் நம்பிக்கை. சாயமிடும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயமிட்டு முடிந்த துணியில் அதனால் பெரும் பயன் இல்லை. வெள்ளைத் துணித் துண்டை நனைத்து, வண்ணத் துணியின் உள்மடிப்பில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அத்துணியை வேறொரு வெளிர்நிறத் துணியோடு சேர்த்துத் தைப்பதைத் தவிர்த்தல் நலம். சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கைத்தறித் துணியில் இழைகள் நெருக்கித் தட்டப்பட்டிருந்தாலும், வெட்டிய விளிம்பில் நூல் விரைவில் பிரியும். ஆலைத் துணிக்குத் தையலோரம் அரை அங்குலம் விட்டால் இதற்கு முக்கால் அங்குலம் விட வேண்டும். ஒரு விளிம்பைச் சற்றுக் குறைத்து வெட்டி, மற்றொன்றை அதன்மேல் மடித்துப் படியவைத்து இரண்டாம் தையல் போட்டால் பிரிந்த நூல் உள்ளேயே அடங்கிவிடும். பழைய சட்டைகளின் பக்கத் தையலைப் புரட்டிப் பார்த்தால் இம்முறை விளங்கும். ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஊசி, மெல்லிய மல்லுக்கு 11ஆம் எண்ணும், சாதாரணச் சட்டைத் துணிக்கு 14ஆம் எண்ணும், கனத்த பைத் துணிக்கு 16ஆம் எண்ணும் பொருந்தும். மழுங்கிய ஊசியை மாற்ற மனம் வராமல் துணியில் இழையிழுத்துவிட்டு, பழியை நெசவின் மேல் போடுவோரும் உண்டு.

கட்டமும் கோடும் உள்ள துணியில் வெட்டு இன்னும் நிதானத்தைக் கேட்கும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் வைக்கும் பட்டையைக் குறுக்குவாட்டில், அதாவது பாவுக்கும் ஊடைக்கும் சரிசாய்வாக வெட்டினால்தான் வளைவில் படியும். நெடுக்குவாட்டில் வெட்டிய பட்டை இழுபடாது. ஆகவே பையின் கைப்பிடிக்கும் பாவாடையின் நாடாவுக்கும் அது ஏற்றது. பாவு எது, ஊடை எது என்று துணியைத் தொட்டே அறியும் நெசவாளர் வீட்டுப் பெண்கள், இவ்வகையில் எந்தத் தையற்பள்ளி மாணவிக்கும் ஒரு படி மேலேயே தொடங்குகிறார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

ஒரு மீட்டரில் மூன்று பைகள்

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. ஒரு காலத்தில் கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்து, பிறகு நாட்டுப்புறத்தான் அடையாளம் என்று நகரத்தார் நகைத்த அதே பைதான்! இதில் நம் சங்கங்களுக்குச் செய்யத்தக்க வேலை உண்டு என்பதால் கணக்கை விரித்தெழுதுகிறோம்.

நனைத்து உலர்த்திய பின் 48 அங்குல அகலம் நிற்கும் துணியில் 1 மீட்டர் எடுத்துக்கொள்க. அதாவது நீளம் 39 அங்குலத்துக்குச் சற்று மேல். முதலில் நீளத்தில் 33 அங்குலம் பிரித்து, அதில் 15 அங்குல அகலமாக மூன்று துண்டுகள் வெட்டினால் 45 அங்குலம் போகும். எஞ்சுவது 3 அங்குல அகலமும் 33 அங்குல நீளமும் உள்ள ஒரு பட்டை. அதனை இரண்டாக்கினால் பதினாறரை அங்குலக் கைப்பிடிகள் இரண்டு. மீதமுள்ள 6 அங்குல நீளத்தைக் குறுக்கே இரு பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி எடுத்தால் மேலும் நான்கு. ஆக மூன்று பைக்கும் ஆறு கைப்பிடியும் கிடைத்துவிட்டன. 33 அங்குலத் துண்டை நடுவில் மடித்தால் பையின் அடியில் தையலே வேண்டியதில்லை. மேல்விளிம்புக்கு இருபுறமும் ஒன்றரை அங்குலம் மடிக்க, பக்கங்களில் அரை அங்குலம் பிடிக்க, 14 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட பை வரும். கைப்பிடியை நான்காக மடித்துத் தைத்தால் முக்கால் அங்குலக் கனமான பட்டை. குப்பைக்குப் போவது ஒரு கைப்பிடித் துணுக்கு.

48 அங்குலத்துக்குப் பதிலாக 45 அங்குலத் துணியாயின் இதே மீட்டரில் மூன்று பைத் துண்டுகள் வரும், இரண்டு கைப்பிடி குறையும். அகலம் என்ன என்று அந்த அம்மையார் கேட்டதன் பொருள் இதுதான். மூன்று அங்குலம் ஒரு வீட்டுத் தையற்காரிக்கு ஒரு பையின் கைப்பிடி. அகலத்தைத் துணியின் தலைப்பில் அச்சிடச் செலவு ஏதும் இல்லை. நெசவாளி அச்சுக் கட்டும்போதே அறிந்த எண் அது.

மெஷின் வந்த வழி

தையற்பொறியை வெறும் மேல்நாட்டுச் சாதனமாக எண்ணிவிடலாகாது. பிரான்ஸ் நாட்டுத் தையற்காரர் திமோனியே 1830இல் சங்கிலித் தையல் போடும் பொறிக்கு உரிமை பெற்றார். ராணுவ உடுப்புத் தைக்க அவர் நிறுவிய பட்டறைக்குள் தையற்காரர் கூட்டம் ஒன்று புகுந்து பொறிகளை உடைத்தது. தம் பிழைப்புப் போய்விடும் என்ற அச்சம். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் உரிமை பெற்றனர். சிங்கர் கம்பெனியின் உண்மையான கண்டுபிடிப்பு தவணை முறை என்று சொல்வோரும் உண்டு. மொத்தப் பணமும் கொடுக்க இயலாத குடும்பம் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கட்டிப் பொறியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு 1850களிலேயே வந்துவிட்டது. நம் நாட்டில் உஷா மெஷினை ஜே என்ஜினியரிங் கம்பெனியார் கல்கத்தாவில் 1930களில் செய்யத் தொடங்கினர்.

யந்திரங்களைப் பற்றிக் காந்தியடிகள் கொண்ட கருத்து யாவரும் அறிந்ததே. ஆயினும் 1924இல் சாந்திநிகேதன மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன், எல்லா யந்திரங்களையும் தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, அடிகள் விலக்காக எடுத்துச் சொன்னது சிங்கர் தையற்பொறியையே. கையால் தைத்துச் சலித்த மனைவியின் பாடு பொறாமல் சிங்கர் அதனைச் செய்தார் என்பது அவர் கேட்டிருந்த செய்தி. அப்படியானால் அப்பொறியைச் செய்ய ஒரு பெரிய ஆலை வேண்டுமே என்று ராமச்சந்திரன் விடாமல் கேட்டார். வேண்டும்தான், ஆனால் அத்தகைய ஆலை அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று அடிகள் விடை தந்தார். இந்த ராமச்சந்திரனே பிற்காலத்தில், 1947இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்தை நிறுவியவர். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அந்த மனைவிக் கதைக்கு அவ்வளவாகத் துணைநிற்கவில்லை. பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில் பழுதுபார்க்க வந்த வேறொரு பொறியைக் கண்டு திருத்தி அமைத்ததே அவர் செய்தது. அதனால் என்ன? பெண்ணின் கைவலியைக் குறைப்பதே பொறியின் நியாயம் என்று அடிகள் கொண்ட அளவுகோல் சரியானதே.

பருத்தி விளைவிப்போர்க்கும் இப்பொறியில் ஒரு பங்கு உண்டு. மெஷின் ஓடும்போது மேல்நூலின் ஒரே பகுதி, தையலாகத் துணியில் பதியுமுன் ஊசிக்காது வழியாக முப்பது நாற்பது முறையேனும் மேலும் கீழும் உராய்கிறது. குட்டை இழைப் பருத்தியில் நூற்ற நூல் இதனைத் தாங்காது, மயிர்விட்டு அறுந்துவிடும். தையல் நூலுக்கு நீண்ட இழை வேண்டும். கோயமுத்தூரில் 1968இல் வெளியான எம்.சி.யு. 5 ரகமும், 1974இல் வெளியான சுவின் ரகமும் அத்தகைய நீண்ட இழைக்குப் பெயர் பெற்றவை. பாபநாசத்து அருவி நீரின் விசையால் ஹார்வி சகோதரர்கள் 1885இல் விக்கிரமசிங்கபுரத்தில் தொடங்கிய நூற்பாலை, தையல் நூலுக்குப் பிற்காலத்தில் நாடறிந்த இடமாயிற்று. 1974இல் மதுரா மில்ஸ் கோட்ஸ் கம்பெனியோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. இன்று கடைகளில் கிடைக்கும் நூற்கண்டுகளில் பெரும்பாலானது பாலியெஸ்டர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னல் வேலை

நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. பின்னலிலோ ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணியாகப் புகுந்து துணியாகிறது. ஆகவேதான் பனியன் இழுத்தால் நீள்கிறது, வேட்டி நீள்வதில்லை. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்தார். இன்று திருப்பூர் முழுதும் சுழலும் பொறிகள் அதன் வழித்தோன்றல்களே. பனியனை வீட்டில் பின்னி மிச்சம் பிடிக்கலாம் என்று எவரும் முயல வேண்டாம். வீட்டுப் பின்னலின் இடம் வேறு: பிறந்த குழந்தையின் தொப்பி, காலுறை, மேஜை விரிப்பு, தோள்பை.

இக்கலை தமிழகத்தில் வேரூன்றிய வரலாறு பெரிதும் நாகர்கோயிலைச் சார்ந்தது. 1819இல் அங்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா அம்மையார், தம் பெண்கள் பள்ளி மாணவியர்க்குச் சரிகைப் பின்னலாகிய ‘லேஸ்’ வேலையை 1821 அளவில் கற்பித்தார். திருவிதாங்கூரில் அன்று அடிமைமுறை சட்டப்படி நிலவியது. 1855இல்தான் முற்றும் ஒழிந்தது. லேஸ் பின்னி ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம்மை விடுவித்துக்கொண்ட பெண்கள் அப்பள்ளியில் இருந்தனர். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லின் மனைவியாகி இடையன்குடிக்குச் சென்றபோது அவ்வூரிலும் இவ்வேலையைப் பரப்பினார். குஞ்சமும் லேசும் பொழுதுபோக்கு என்று கூறுவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

கொக்கி ஊசி ஒன்றினால் போடும் குரோஷாப் பின்னலுக்கு அண்மையில் சென்னையிலேயே ஒரு புகழ் வாய்த்தது. சுபஸ்ரீ நடராஜன் அம்மையார் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் பெண்கள் குழுவினர், 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை இணைத்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றனர். விவசாய அங்கத்தினர்க்குப் புரியும் அளவில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். தனித்தனி வீடுகளில் அமர்ந்து பின்னிய சதுரங்களை ஓரிடத்தில் கொணர்ந்து கோத்த வேலை இது. எல்லாரும் ஒரே அளவில் சதுரம் பின்ன வேண்டும், ஒரே நாளில் ஒப்படைக்க வேண்டும். ஒரு சங்கத்துக்கு வேண்டிய ஒழுங்கு அனைத்தும் அதில் இருக்கிறது.

பின்னுவோர் முதலில் செய்ய வேண்டியது நான்கு அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னிக் கண்ணிகளை எண்ணுவது. நான்கு அங்குலத்தில் 20 கண்ணி வந்தால் அங்குலத்துக்கு 5. குழந்தையின் தலைச்சுற்று 14 அங்குலமாயின் 70 கண்ணி என்று கணக்கு வரும். ஆயினும் பின்னல் நீளுமாதலால் இரண்டு அங்குலம் குறைத்து 60 கண்ணியோடு தொடங்குக. கைக்குக் கை இறுக்கம் மாறும். பக்கத்து வீட்டார் போட்ட எண்ணையே நாமும் போட்டால் தொப்பி பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பின்னல் ஊசிக்கு வெளிநாட்டை நோக்க வேண்டியதில்லை. நீலகிரி மாவட்டம் கேத்தியில் 1949 முதல் இயங்கும் ஊசி ஆலையின் ‘போனி’ ஊசிகள் பல நாடுகளுக்கும் செல்கின்றன.

சென்னையின் வெப்பத்துக்குக் கம்பளி ஒவ்வாது. கடைகளில் கம்பளி நூல் என்று விற்பதோ பெரும்பாலும் அக்ரிலிக். பச்சைக் குழந்தையின் தோலுக்கு அதனினும் பருத்தி நூலே நல்லது. ஆனால் பின்னலுக்கு ஏற்ற பருத்தி நூல் எளிதில் அகப்படுவதில்லை. நம் நெசவாளர் சங்கங்களில் உள்ள சிட்டா நூல் ஒற்றை இழையாகப் பின்னலுக்கு மிக மெல்லிது. 40ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டு என்பது 40 சிட்டம். சிட்டத்துக்கு 840 கஜமாக 33,600 கஜம். எட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் முறுக்கில் போவது நீங்க 4,000 கஜத்துக்குக் குறையாத பின்னல் நூல் கிடைக்கும். சங்கத்தின் கையிருப்பில் நிறம் மாறிப்போன சிட்டங்களும் அரைச் சிட்டங்களும் தேங்கியிருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். முறுக்குப் பொறி உள்ள சங்கம் ஒன்று சிறிய அளவில் செய்து பார்க்கலாம்.

வீட்டுக்கூலி என்னும் விஷயம்

வீட்டில் தைப்பது எப்போதும் மலிவு என்று நாம் கூறமாட்டோம். ஆண்களின் முழுக்கைச் சட்டைக்குக் கழுத்துப்பட்டையும் மணிக்கட்டுப்பட்டையும் வைத்து முடிக்க ஒரு பெண்ணின் இரண்டு பிற்பகல்கள் போய்விடும். அதே சட்டை ஆலையில் பலர் கைமாறிச் சில நிமிடங்களில் முடிகிறது. ரவிக்கையின் கணக்கு வேறு. அது உடலுக்கு உடல் மாறுவது. தையற்கூலி துணி விலையை மிஞ்சுவதும் உண்டு. 80 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் துணியில் வீட்டிலேயே முடித்துக்கொள்வது ஒவ்வொரு முறையும் இலாபமே. வளரும் பெண்குழந்தையின் பாவாடையில் இரண்டு மூன்று மடிப்புகளை முன்கூட்டியே தைத்துவைத்து, ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிடும் பழைய வழக்கம் இருக்கிறதே, அதனை எந்த ஆயத்த ஆடைக் கடையும் தர முடியாது. நைந்த சட்டைக் கழுத்தைப் பிரித்துத் திருப்பித் தைப்பதும் அப்படியே.

பிறருக்குத் தைத்துக் கொடுக்கும் பெண்களின் நிலையே கவலைக்குரியது. நூல், ஊசி, விளக்கு, மெஷின் எண்ணெய் எல்லாம் தம் கையிலிருந்து செலவிட்டு, உருப்படிக் கணக்கில் கூலி பெறுகிறார்கள். தம் நேரத்தை எவரும் கணக்கிட்டதில்லை, அவர்களே கணக்கிட்டதில்லை. பக்கத்துத் தெருவில் ஒருத்தி பத்து ரூபாய் குறைத்தால் இவளும் குறைக்க வேண்டும். நங்கநல்லூரில் கேட்ட ஒரு வீட்டில், கூலியை ஏற்றினால் வாடிக்கை போய்விடும் என்றே கூறினர். அடுத்த தெருவில் கேட்டபோதும் அதே பதில். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

இதற்கு விடை புதிதாகக் காண வேண்டியதன்று. சமூகநலத் துறையின் கீழ் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இயங்குகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையில் கைத்தறி, விசைத்தறி நெசவாளர் சங்கங்கள் நெய்த துணி இச்சங்கங்களுக்கு வந்து, அங்கத்தினர்களின் வீட்டு மெஷின்களில் சட்டையும் பாவாடையுமாகிறது. 2012-13 முதல் பிள்ளைக்கு ஆண்டுக்கு நான்கு ஜோடிச் சீருடை என்பதால் வேலைக்குக் குறைவில்லை. மெஷின் வாங்க இயலாத விதவையர்க்கும் கைவிடப்பட்ட மகளிர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உள்ளது. ஆனால் சீருடை வேலை பருவத்தோடு வருவது. பள்ளி திறக்கும் முன் கண் விழித்துத் தைத்து, பிறகு பல வாரங்கள் மெஷின் உறையோடு நிற்கும். அந்த இடைவெளியில்தான் நெசவாளர் சங்கத்தின் தேங்கிய துணிக்கும் தையல் சங்கத்தின் ஓய்ந்த மெஷினுக்கும் ஓர் உடன்பாடு வேண்டும் என்கிறோம். பை, தலையணை உறை, குழந்தைச் சட்டை, ரவிக்கைக்கு வெட்டிவைத்த துணி: கூலி முன்கூட்டியே எழுத்தில், துணி சங்கத்தின் பொறுப்பில்.

1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு ஊர்தோறும் விற்பனை நிலையங்கள் உண்டு. தனித்த நெசவாளர் சங்கங்களின் விற்பனை அறைகளும் உள்ளன. இவற்றில் எங்கேனும் ஓர் அலமாரியை வீட்டுத் தையலுக்கென்று ஒதுக்கி, அரை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க விரும்பும் சங்கச் செயலாளர்கள், துணி ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினால் போதும்: நெய்த அகலம், நனைத்து உலர்த்திய பின் அகலம், ஒரு மீட்டர் எவ்வளவாகச் சுருங்கிற்று, நூலின் நம்பர். இரண்டாவதையும் மூன்றாவதையும் அறிய ஒரு மீட்டர் துணியும் ஒரு வாளித் தண்ணீரும் ஓர் அளவு நாடாவும் வேண்டும். சோதனைக்கு வெட்டிய அந்த மீட்டரில் மூன்று பைகள் தைத்துக்கொள்ளலாம். அகலம் மட்டும் நனைத்த பிறகும் 48 அங்குலம் நிற்க வேண்டும்.